இலையுதிர் நிறமும் கருமேக வானமும்: படம் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கும் வழி

கீழே மஞ்சளும் சிவப்புமாகக் காடு, மேலே திரண்டு வரும் கருமேகம். நேரில் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. அதையே கம்ப்யூட்டரில் திறந்தால் வானம் வெளுத்துக் கிடக்கிறது. அல்லது வானம் பிரமாதமாக வந்து நிலம் கருத்துப்போயிருக்கிறது. இரண்டையும் சரிக்கட்டினால் மொத்தப் படமும் பொய்யாகத் தெரிகிறது. இந்த வகைப் படங்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் கெடுகின்றன. அதனால் இங்கே கோளாறை வைத்தே பேசுகிறேன்: படத்தில் என்ன தெரிகிறது, அது எதனால் வருகிறது, எடுக்கும்போது என்ன செய்யலாம், எடுத்து முடித்துவிட்டால் எடிட்டிங்கில் எவ்வளவு மீட்கலாம்.

எல்லாக் கோளாறுகளுக்கும் பொதுவாக ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்திருக்கும் இந்த வெளிச்சம், மேலே தெரியும் இந்த வானத்திலிருந்து வந்திருக்க முடியுமா? பார்ப்பவர் யாரும் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் அவர் கண் கேட்கிறது. முடியாது என்று பதில் வந்தால் அடுத்த நொடியே படத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்.

முதல் வேலை: கோளாறு ஃபைலிலா, எடிட்டிங்கிலா?

இதைப் பிரிக்காமல் ஸ்லைடர்களைத் தள்ளிக்கொண்டிருந்தால், ஒன்றைச் சரிசெய்யப் போய் இரண்டு கெடும். ரா ஃபைலுக்கு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஒரு விர்ச்சுவல் காப்பி (மூலத்தைத் தொடாத நகல்) போட்டு, அதில் எல்லாத் திருத்தங்களையும் ரீசெட் செய்யுங்கள். ‘விவிட்’, ‘லேண்ட்ஸ்கேப்’ மாதிரியான புரொஃபைல் போட்டிருந்தால் அதையும் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இப்போதும் கோளாறு தெரிந்தால் அது எடுத்தபோதே வந்தது. மறைந்துவிட்டால் நாம் கொண்டுவந்தது. அப்படியானால் பழைய திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள், எந்த ஸ்லைடரில் அது தலைகாட்டுகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், கீழே சொல்லப்போவதில் ஒரு பகுதிதான் பலிக்கும். 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. கருமேகத்தின் ஒரு சாம்பல் அடுத்த சாம்பலாக மெதுவாக மாறுவது அந்தப் படிகளை நம்பித்தான்.

வானம் வெளுத்துவிட்டது

ஹைலைட் ஸ்லைடரை முழுக்க இடப்பக்கம் இழுங்கள். மேகத்தின் மடிப்புகள் திரும்பி வந்தால் கவலையில்லை. வெள்ளை சாம்பலாக மட்டும் மாறி உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்றால் அங்கே பதிவே இல்லை, எந்த மென்பொருளும் அதை மீட்காது. நடுவில் ஒரு நிலையும் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு சேனல் மட்டும் உச்ச அளவில் முட்டியிருக்கும். மேகம் திரும்ப வரும், ஆனால் விளிம்பில் அழுக்கான இளஞ்சிவப்போ பச்சையோ ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பிரஷ் மாஸ்க் (திருத்தம் அங்கே மட்டும் விழச் செய்யும் மறைப்பு) போட்டு சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியைக் குறைத்தால் தீர்ந்தது.

இந்தப் பிரச்சினை ஒளிப்படக் கலை அளவுக்கே பழையது. 19ஆம் நூற்றாண்டின் கொலோடியன் தட்டுகள் நீல ஒளிக்கே அதிகம் இசைந்தவை. நிலத்துக்குப் போதுமான எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் காலியாகிவிடும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே பிரிண்டில் சேர்த்தார். நாம் இன்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்த்து, பிராக்கெட்டிங் என்று செய்வதற்கு வேர் அங்கேதான்.

எடுக்கும்போது: கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையை (அளவுக்கு மீறி வெளுத்த இடத்தை மின்னிக் காட்டுவது) எப்போதும் ஆன் செய்து வையுங்கள். மேகத்தின் மிகப் பிரகாசமான விளிம்பு மின்னத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கீழே எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். திரையில் காட்டப்படும் ஹிஸ்டோகிராம் (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) கேமரா தயாரிக்கும் ஜேபெக்கிலிருந்து வருவது. ரா ஃபைலில் பொதுவாக அதைவிடக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், திட்டம் போட்டுச் செலவழிக்காதீர்கள். சூரியனே ஃபிரேமுக்குள் இருந்தால் அதன் வட்டு முட்டத்தான் செய்யும், அதைத் துரத்த வேண்டாம். அதைச் சுற்றிய மேகம் தப்பினால் போதும். அப்படிப்பட்ட காட்சியில் −2, 0, +2 ஸ்டாப் என்று மூன்று ஷாட் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). ட்ரைபாட் அசையக்கூடாது, அபெர்ச்சரும் ஃபோகஸும் மாறக்கூடாது, ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் பலருக்கு மனசு வருவதில்லை. அன்று வானத்தில் உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்காது. ஒரே சீராகப் படர்ந்த வெண்மேகத்தை எந்த எக்ஸ்போஷராலும் நாடகமாக்க முடியாது. டீஹேஸை (மூட்டத்தை விலக்கும் ஸ்லைடர்) இழுத்து அதிலிருந்து புயலை வரவழைக்கப் பார்த்தால் கறைதான் வரும். அந்த நாளில் வானத்தை ஃபிரேமை விட்டே வெளியே தள்ளுங்கள். நிழல் விழாத அந்த மென்மையான வெளிச்சம்தான் காட்டுக்குள் எடுக்கச் சிறந்தது: இலைகளின் நிறம் முழுசாக வரும், மரப்பட்டை தெரியும், தரையில் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்து தொல்லை கொடுக்காது. எடுத்து முடித்த படமென்றால் மேலேயிருந்து கிராப் செய்து பாருங்கள். பல படங்கள் அங்கேயே பிழைத்துக்கொள்ளும்.

வானம் நன்றாக இருக்கிறது, நிலம் கருத்துவிட்டது

ஷேடோ ஸ்லைடர் இதற்குத்தான் இருக்கிறது, ஆனால் +100 வரை இழுத்தவுடன் வேறொரு நோய் தொடங்குகிறது. நிழல்கள் எல்லாம் ஒரே அளவுக்கு வெளுத்து, மரங்களுக்கு அடியிலிருந்து யாரோ விளக்குப் பிடிப்பதாகத் தெரியும். கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கருமேகம் மூடிய வானத்துக்குக் கீழே நிழலே இல்லாத நிலம் எப்படி வரும்?

நான் செய்வது இது. ஷேடோவை +30, +40 அளவில் நிறுத்திவிடுவேன். பிறகு வெளிச்சம் இயல்பாக எங்கே விழுந்திருக்கிறதோ, அந்த மர உச்சிகள், சரிவின் ஒரு முகம், பாதையின் வளைவு, அந்த இடங்களை மட்டும் பெரிய, மெத்தென்ற பிரஷால் அரை ஸ்டாப் தூக்குவேன். நிழல் நிழலாகவே இருக்கும். ஆனால் கண்ணுக்கு நிலம் கிடைத்துவிடும். நிலத்தில் கொஞ்சம் கருப்பு மிச்சமிருந்தால்தான் சிவப்பு இலைக்குப் பின்னால் ஓர் ஆழம் நிற்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுதான் இந்த வகைப் படங்களிலேயே உச்சம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே கருமேகம் நின்றால், நிலம் வானத்தைவிடப் பிரகாசமாகவே இருக்கும். அந்த வெளிச்சம் கிடைத்தால் சேர்த்து ஒட்ட வேண்டியதே இல்லை, ஒற்றை ஷாட் போதும். எடிட்டிங்கில் அந்த வித்தியாசத்தைச் சமப்படுத்திவிடாதீர்கள். மழை நின்ற ஐந்து நிமிடத்தில் எல்லோரும் மேகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மேகத்துக்கு எதிர்த்திசையில் அடிவானத்தில் இடைவெளி திறக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். வெளிச்சம் அங்கிருந்துதான் வரும்.

கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டர் (மேல்பாதி மட்டும் இருட்டான கண்ணாடி) வைத்திருப்பவர்களுக்கு: 0.6 என்றால் 2 ஸ்டாப், 0.9 என்றால் 3 ஸ்டாப். கடல் மாதிரி நேர்க்கோட்டு அடிவானம் இல்லாத காட்டில் ஹார்டு எட்ஜ் வேண்டாம், சாஃப்ட்தான் சரி. அப்படியும் அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் மேல்பாதி கருத்துவிடும். பாதி மஞ்சள், பாதி பழுப்பாக ஒரு மரம் நின்றால் கோளாறு இதுதான். அந்த மரத்தின் உச்சிக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டுத் தூக்குங்கள்.

குளமோ ஏரியோ உள்ள படத்தில் இன்னொன்றையும் பாருங்கள். தண்ணீரில் தெரியும் வானம், உண்மை வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும். நீர் தன் மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை. வானத்தை மாஸ்க் போட்டு இருட்டாக்கிவிட்டு, தண்ணீரை அப்படியே விட்டுவிட்ட படங்கள் ஏராளம். மேலே இடிமேகம், கீழே அதன் பிம்பம் பளபளவென்று. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடிக்கிறது என்பது மட்டும் தெரியும். வானத்தை ஒரு ஸ்டாப் இறக்கினால் பிம்பத்தையும் குறைந்தது அதே அளவு இறக்குங்கள்.

மலை விளிம்பில், மரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு

இதற்கு ஹேலோ என்று பெயர். சின்னத் திரையில் தெரியாது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வானமும் மரமும் சந்திக்கும் கோட்டை இடமிருந்து வலமாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

கோடு அகலமாக, மங்கலான ஒளிப்பட்டையாக இருந்தால் காரணம் கிளாரிட்டி, டீஹேஸ், எச்.டி.ஆர். டோன் மேப்பிங் இவற்றில் ஒன்று. அல்லது ஹைலைட் −100, ஷேடோ +100 என்று இரண்டையும் எதிரெதிர் எல்லைக்குத் தள்ளியிருப்பீர்கள். இவை எல்லாம் ஒரு புள்ளியை அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு மாற்றுபவை. இருட்டான மரத்துக்குப் பக்கத்து வானத்தை மட்டும் கூடுதலாக வெளுக்க வைக்கும். ஸ்லைடரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கோடு மெல்லியதாக, கூர்மையாக இருந்தால் அது ஷார்ப்பனிங், ரேடியஸை 1.0க்குக் கீழே கொண்டுவாருங்கள். கோடு ஊதாவாகவோ பச்சையாகவோ இருந்தால் அது ஹேலோவே இல்லை, லென்ஸின் குரோமேட்டிக் அபெரேஷன் (நிறங்கள் ஒரே இடத்தில் குவியாத குறை). அதற்கென்றே இருக்கும் பெட்டியில் டிக் செய்தால் பெரும்பாலும் மறையும்.

வானத்தை ஏ.ஐ. மாஸ்க்கால் தேர்ந்தெடுத்து இருட்டாக்கியவர்களுக்கு வேறொரு தொல்லை. இலை உதிர்ந்து பாதி மொட்டையாக நிற்கும் பிர்ச் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிளைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வானத் துண்டுகள். மாஸ்க் மரத்தின் வெளிக்கோட்டில் நின்றுவிட்டால், சுற்றிலும் வானம் கரும்சாம்பலாக இருக்க, கிளைகளுக்குள் மட்டும் வெள்ளை ஓட்டைகள் மின்னும். மாஸ்க்கை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் இது தீராது. மாறாக, வானத்தை உள்ளடக்கிய ஒரு லீனியர் கிரேடியன்ட்டை (படிப்படியாக மங்கும் மாஸ்க்) தாராளமாக மரத்தின் மேலேயே இறக்கி, அதை லூமினன்ஸ் ரேஞ்சோடு இன்டர்செக்ட் செய்யுங்கள்: பிரகாசமான பகுதிகளை மட்டும் எடு என்று. கிளை இருட்டு, அதனால் தப்பிக்கும். வானத் துண்டு வெளிச்சம், அதனால் மாட்டும். வானம் நீலமாக இருந்தால் கலர் ரேஞ்ச் இன்னும் நன்றாக வேலை செய்யும், மஞ்சள் இலைக்கும் நீல வானத்துக்கும் நிறத்தில் அவ்வளவு தூரம்.

மிஞ்சிப்போய் ஓரிரு இடத்தில் கோடு நின்றால், ஃபோட்டோஷாப்பில் குளோன் ஸ்டாம்ப்பை ‘டார்க்கன்’ மோடில் வைத்து, பக்கத்து வானத்தை எடுத்துக் கோட்டின் மேல் தடவுங்கள். இருட்டான மரத்தை அது தொடாது, வெளுத்த கோட்டை மட்டும் மூடும்.

சிவப்பு இலைகள் பெயிண்ட் அடித்தது போல இருக்கின்றன

ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு சேனலைப் பாருங்கள். வலது சுவரில் முட்டி நிற்கும். கேமராவில் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. பிரகாசத்தைக் கணக்கிடும்போது பச்சைக்குத்தான் அதிக எடை. சிவப்பு முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் எல்லாம் நலமாகத் தெரியும். மேப்பிள் மாதிரி அடர்சிவப்பு மரத்தை எடுக்கும்போது மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இல்லாமல் எக்ஸ்போஷர் முடிவு செய்யாதீர்கள்.

எடுத்தது எடுத்ததுதான் என்றால், முதலில் ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் குளிர்ச்சியாக்குங்கள். வெதுவெதுப்பாக்கத் தள்ளிய ஒவ்வொரு படியும் சிவப்பு சேனலை மேலே ஏற்றியிருக்கிறது. ரா ஃபைலில் விவரம் பத்திரமாக இருந்து, எடிட்டிங்கில் மட்டும் முட்டியிருக்கலாம். பிறகு புரொஃபைலை நியூட்ரலாக்குங்கள். பிறகு சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் சாச்சுரேஷனை −10, −15 அளவு குறையுங்கள். இலையின் நரம்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் அளவுகோல், நரம்பு தெரியாத சிவப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இலை இல்லை.

கான்ட்ராஸ்ட்டை ஆர்.ஜி.பி. கர்வ் மூலம் ஏற்றினால் சாச்சுரேஷனும் கூடவே ஏறும். ஃபோட்டோஷாப்பில் அந்த கர்வ் லேயரை ‘லூமினாசிட்டி’ மோடுக்கு மாற்றினால் பிரகாசம் மட்டும் மாறும், நிறம் அதே இடத்தில் நிற்கும். நாடகத்தனமான வானத்துக்காகக் கான்ட்ராஸ்ட் ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும், ஏனென்றால் அந்த ஏற்றத்துக்கு இலைகள்தான் விலை கொடுக்கின்றன.

இதன் தங்கை: காடு முழுவதும் ஒரே ஆரஞ்சு. பச்சையையும் மஞ்சளையும் ஹியூ ஸ்லைடரால் ஆரஞ்சுப் பக்கம் தள்ளியதால் வருவது. இலை நிறம் மாறும் விதத்தை நினைத்துப் பாருங்கள். பச்சைக்குக் காரணமான குளோரோஃபில் சிதைகிறது. அதற்கு அடியில் முன்பே இருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின்கள் பெரும்பாலும் அந்தப் பருவத்தில் புதிதாக உருவாகின்றன. இவை ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அதனால் ஒரே மரத்தில், சில சமயம் ஒரே இலையில், பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து இருக்கும். அந்தக் கலவைதான் இலையுதிர்காலம். மிச்சமிருக்கும் பச்சையை அழிக்காதீர்கள். பக்கத்தில் பச்சை இருக்கும்போதுதான் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. எல்லா நிறத்தையும் ஏற்றியே ஆகவேண்டும் என்றால் சாச்சுரேஷனை விட்டுவிட்டு வைப்ரன்ஸைத் தொடுங்கள், மங்கலான நிறங்களைத்தான் அது முதலில் ஏற்றும்.

நேரில் தகதகத்த இலை படத்தில் சாம்பல் பூத்திருக்கிறது

இலையின் மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலிக்கிறது. மழைக்குப் பிறகு இன்னும் மோசம். இதை எடிட்டிங்கில் தீர்க்க முடியாது. அந்தப் பளபளப்புக்கு அடியிலிருக்கும் நிறம் பதிவாகவே இல்லை. சர்க்குலர் போலரைசர் (பிரதிபலிப்பை அடக்கும், திருப்பக்கூடிய ஃபில்டர்) வேண்டும். மேகமூட்டமான நாளிலும் ஈர இலையில் அது வேலை செய்யும். ஃபில்டரைத் திருப்பும்போது எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள், இலையைப் பாருங்கள். ஒன்றரை முதல் 2 ஸ்டாப் வரை ஒளி குறையும், அதற்கேற்ப ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளுங்கள்.

போலரைசர் இல்லையா? சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி இடம் மாறி நில்லுங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போது பளபளப்புக்கு வேலையில்லை, நிறம் மட்டும்தான் வருகிறது.

வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலம்

அதே போலரைசரின் பக்கவிளைவு. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் பட்டையில்தான் நீல வானத்தின் போலரைசேஷன் அதிகம். 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸ் அந்தப் பட்டையையும் அதன் இரு பக்கங்களையும் சேர்த்து உள்ளே வாங்கிவிடுகிறது, அதனால் ஒரு பகுதி கருத்து மற்றது வெளுக்கிறது. ஃபில்டரை முழு வலுவிலிருந்து பாதிக்குத் திருப்புங்கள், அல்லது லென்ஸை 35 மி.மீ. பக்கம் நகர்த்துங்கள். பனோரமாவுக்குக் கழற்றிவிடுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால், வெளுத்த பக்கத்திலிருந்து ஒரு லீனியர் கிரேடியன்ட் போட்டு, நீல நிறத்துக்கு மட்டும் என்று ரேஞ்ச் கொடுத்து இறக்குங்கள். முழுசாகத் தீராது, உறுத்தல் குறையும்.

இலைக்குச் சரியான நிறம் வைத்தால் மேகம் ஊதாவாகிறது

ஒரே ஒயிட் பேலன்ஸ் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. மேகத்துக்குக் கீழே இருக்கும் நிழல் நீலம் தோய்ந்தது. தாழ்ந்த வெயில் பட்ட இலை வெதுவெதுப்பானது. அடிப்படையை 5,000 முதல் 5,500 கெல்வினுக்குள் வைத்து, மேகம் சாம்பலாக, கொஞ்சம் நீலம் கலந்ததாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வெயில் பட்ட இலைகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெதுவெதுப்பைக் கூட்டுங்கள். நிழலில் நிற்கும் மரங்களையும் சேர்த்துச் சூடாக்கிவிட்டால் வெயிலுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். ஊதா பிடிவாதமாக நின்றால் வானத்தின் டின்ட்டை (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையிலான ஸ்லைடர்) பச்சைப் பக்கம் மூன்று, நான்கு புள்ளிகள் நகர்த்திப் பாருங்கள்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அஸ்தமன வெளிச்சத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அது நடுநிலைப்படுத்தப் பார்க்கும். ரா எடுப்பவருக்கு இழப்பில்லை, ஆனால் கேமரா திரையில் நிறம் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நல்ல வெளிச்சம் போய்விட்டது என்று கிளம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. டேலைட்டில் வைத்துவிடுங்கள்.

வானத்தில் புள்ளி, பட்டை, மணல்

வட்டமான மங்கல் புள்ளிகள் சென்சார் தூசி. எஃப்/16, எஃப்/22 என்று மூடும்போது பளிச்சென்று தெரியும். எஃப்/8, எஃப்/11இல் அடங்கிவிடும். டீஹேஸ் ஏற்றிய பிறகு ஒருமுறை தேடுங்கள், அது எல்லாத் தூசியையும் காட்டிக்கொடுக்கும். பட்டை பட்டையாகப் படி தெரிந்தால் 8 பிட்டில் வேலை செய்திருக்கிறீர்கள். 16 பிட்டுக்கு மாறி ரா ஃபைலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கடைசியில் மிக மெல்லிய கிரெயின் சேர்த்தால் மிச்சப் பட்டையும் கரையும். மணல் மாதிரி இரைச்சல் என்றால் டீஹேஸும் டெக்ஸ்ச்சரும் வானத்தின் மேல் ஏறியிருக்கின்றன. மேகம் மென்மையான பொருள். அதற்குக் கூர்மை தேவையில்லை; வெளிச்சமும் இருட்டும் பெரிய பெரிய பரப்பாகப் பிரிந்தால் போதும். கிளாரிட்டிக்குப் பதில் பெரிய பிரஷால் இருட்டான அடிவயிறுகளைக் கால் ஸ்டாப் இறக்கி, ஒளி பட்ட மேல்விளிம்புகளைக் கால் ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். மேகம் உருண்டு திரளும்.

இலைகள் தெளிவாக இல்லை

பெரிதாக்கிப் பார்த்து மூன்றில் எது என்று பிரியுங்கள். பாறையும் மரத்தண்டும் கூர்மை, இலை மட்டும் மங்கல் என்றால் காற்று. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. முன்னால் கூர்மை, பின்னால் மங்கல், அல்லது அதற்கு நேர்மாறு என்றால் ஃபோகஸ் ஆழம் போதவில்லை.

காற்றுக்கு மருந்து ஷட்டர் வேகம்: 1/125 நொடியிலிருந்து தொடங்கி, கிளை ஆடும் அளவைப் பார்த்து ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 400, 800 போவதில் தயக்கம் வேண்டாம். இரைச்சலைக் குறைக்கலாம், ஆடிய இலையை நிறுத்த முடியாது. மேகம் ஓடுவதைக் காட்ட என்.டி. ஃபில்டரோடு (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) 30 நொடி எடுக்கிறீர்கள் என்றால், அதே ட்ரைபாடில் ஃபில்டர் இல்லாமல் இலைகளுக்கென்று ஒரு வேகமான ஷாட்டும் எடுத்துவிடுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வேகமாக ஓடும் மேகத்தை நிமிடக்கணக்கில் எடுத்தால் உருவமெல்லாம் கரைந்து வெறும் தீற்றல்தான் மிஞ்சும், நாடகம் போய்விடும்.

ஆழத்துக்காக எஃப்/22 போகாதீர்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விரிந்து பரவும். டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதும் மெழுகினாற்போல் மென்மையாகிவிடும். எஃப்/11இல் அருகே ஒன்று, தொலைவில் ஒன்று என்று இரண்டு ஃபோகஸில் எடுத்துச் சேர்ப்பது மேல்.

எல்லாம் சரி, ஆனால் படம் நிற்கவில்லை

டெக்னிக்கலாகக் குறை சொல்ல ஒன்றுமில்லாமலேயே சப்பென்று இருக்கும் படங்கள் இந்த வகையில்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் ஒன்றே: வானமும் நம்பர் ஒன், காடும் நம்பர் ஒன். அடிவானம் சரிபாதியில் ஓடும், மேலும் கீழும் ஒரே அளவு சத்தம்.

யார் பேசப்போகிறார்கள் என்று எடுக்கும் இடத்திலேயே முடிவு செய்யுங்கள். வானம் என்றால் அடிவானத்தைக் கீழே இறக்கி, நிலத்தில் எளிமையாக ஒன்றை மட்டும் வையுங்கள்: தனியாக நிற்கும் ஒரு மஞ்சள் மரம், ஒரு வரப்பு. காடு என்றால் வானத்துக்கு மேலே ஒரு கீற்று போதும், அதுவும் இருட்டாக. முடிவு செய்த பிறகு எடிட்டிங்கிலும் அதற்கு விசுவாசமாக இருங்கள்; தோற்ற பக்கத்தின் சாச்சுரேஷனையும் கான்ட்ராஸ்ட்டையும் கொஞ்சம் இறக்குங்கள்.

16 மி.மீ. லென்ஸைப் பழக்கத்தால் மாட்டுகிறோமா என்பதையும் யோசிக்க வேண்டும். அது மேகத்தை மூலைகளுக்கு இழுத்துப் பிரமாண்டமாக்கும், ஆனால் தொலைவிலுள்ள மலையையும் மரத்தையும் குறுக்கிவிடும். 70–200 லென்ஸால் ஒரு சரிவையும் அதன் மேல் தொங்கும் ஒரு மேகத்தையும் மட்டும் கட்டிப் பாருங்கள். வெயில் துண்டு சரிவில் ஊர்ந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். நீங்கள் தேர்ந்த மரத்தின் மேல் அது வரும்போது எடுத்த ஒரு ஷாட், எடிட்டிங்கில் அரை நாள் செலவழித்தாலும் கிடைக்காது.

மரத்தின் உச்சி பின்னாலுள்ள மலைக்கோட்டைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா? ஓரடி ட்ரைபாடை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். பாதியில் வெட்டுப்பட்ட கிளையும், மூலையில் மின்னும் ஒற்றை இலையும் கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போகும்.

வானத்தை மாற்றியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது

வேறொரு நாள் எடுத்த வானத்தை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஒட்டியவர் சோதிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் நிழல் விழும் திசையும் மேகத்தில் ஒளி விழும் பக்கமும் ஒத்துப்போகிறதா? அடிவானத்தை நெருங்க நெருங்க வானம் வெளுக்கிறதா? மேகம் எடுத்த லென்ஸும் நிலம் எடுத்த லென்ஸும் ஏறக்குறைய ஒரே அகலமா? தண்ணீரில் பழைய வானமே தெரிகிறதா? முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது ‘இல்லை’ வந்தாலும் சரி, தண்ணீரைப் பற்றியதற்கு ‘ஆமாம்’ வந்தாலும் சரி, ஒட்டு தெரியும். இதைத் தாண்டியும் செய்தால், மாற்றியதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

திரையில் அழகு, பிரிண்டில் இருட்டு

திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது. இருட்டறையில் முழுப் பிரகாசத்தில் எடிட் செய்தால், கருமேகத்தை நாமறியாமல் மிகவும் இறக்கிவிடுவோம். அளவிடும் கருவி இருந்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை வையுங்கள். இல்லையென்றால் திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைத் திரை அந்தத் தாளைவிட மிகையாக மின்னாதவரை குறையுங்கள்.

பிரிண்டில் நன்றாக இருந்து, இணையத்தில் ஏற்றியதும் இலை நிறம் செத்துவிட்டால் வேறு காரணம். அடோபி ஆர்.ஜி.பி. அல்லது புரோஃபோட்டோ என்ற அகன்ற நிறவெளியில் ஏற்றுமதி செய்திருக்கிறீர்கள். அந்த நிறவெளியைப் புரிந்துகொள்ளாத ஆப் அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்று நினைத்துக் காட்டுகிறது. எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, புரொஃபைலையும் ஃபைலிலேயே பதித்து ஏற்றுங்கள். மாற்றும்போது மிக அடர்ந்த சிவப்புகளும் ஆரஞ்சுகளும் அந்தச் சிறிய வெளிக்குள் அடங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாஃப்ட் புரூஃப் (ஏற்றுமதிக்குப் பின் நிறம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுவது) ஆன் செய்து, எச்சரிக்கை காட்டும் இலைகளின் சாச்சுரேஷனை மட்டும் அங்கங்கே குறைத்துவிட்டுப் பிறகு ஏற்றுமதி கொடுங்கள்.